வரிசையில் முதல் பெயர்

சேவியர், உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாளாகிறது. நானும் உன் அம்மாவும் மாறி மாறிப் படித்தோம். ஒசாக்காவில் குளிர் ஏறிவிட்டது, கொண்டுபோன ஊறுகாய் தீர்ந்துவிட்டது, பயிற்சி முடிந்து டிசம்பர் கடைசியில் கிளம்பிவிடுவேன், ஜனவரியில் கல்யாணத்துக்கு எல்லாம் சரியாக நடக்கிறதா என்பதெல்லாம் அவளுக்கு. கடைசிப் பக்கத்தில் எனக்கென்று தனியாக எழுதியிருந்தாய். டேட்டாபேஸிடம் ஒரு கேள்வியை அனுப்பி, வரும் பதிலை ஒவ்வொரு வரியாக எடுத்துத் திரையில் காட்டும் புரோகிராமை உன் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். 'நீங்களும் இதைத்தானேப்பா செய்தீர்கள், எனக்கு ஏதாவது சொல்லிக்கொடுங்களேன்' என்றும் கேட்டிருந்தாய். விளையாட்டாகத்தான் கேட்டிருப்பாய். அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. இரண்டு முறை உன்னைத் தொலைபேசியில் கூப்பிட்டேன், நினைவிருக்கிறதா? இரண்டு முறையும் அங்கே மழையா, இங்கே மழை என்று பேசிவிட்டு வைத்துவிட்டேன். வாயால் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன். ரீட்டாவின் அப்பாவைப் பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இதில் இருக்கிறது. நீ அவளைக் கைப்பிடிப்பதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தோணி அங்கிள் உனக்கு எவ்வளவு நினைவிருக்கிறார் என்று தெரியவில்லை. அவர் இறந்தபோது உனக்குப் பதினான்கு வயது. அதற்கு முன்னால் ஜாலான் புசார் சாலையில் ஓர் இரும்புச் சாமான் கடைக்கு மேல்மாடியில், பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நாமும் அந்தப் பக்கம் அவர்களும் குடியிருந்தோம். அவன் தும்மினால் இங்கே உன் அம்மா 'ஆண்டவரே' என்பாள். ஒரே கோயில், ஒரே பாடகர் குழு. அவனுக்கு பூன் லே பக்கம் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலையில் வேலை. அங்கேயே அடுக்குமாடி வீடு கிடைத்துப் போன பிறகும், ஞாயிறு பூசை முடிந்தால் மனைவி செலினையும் மகள் ரீட்டாவையும் கூட்டிக்கொண்டு நம் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவான். நான் குமாஸ்தாவாக இருந்து, மாலை வகுப்புக்குப் போய்ப் படித்து, புரோகிராம் எழுதும் வேலைக்கு மாறியபோது என்னைவிட அவன்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். ஒரு சனிக்கிழமை அவனை எங்கள் அலுவலகத்துக்குக் கூட்டிப்போய்க் கண்ணாடிக்கு வெளியே நிறுத்தி, உள்ளே இருந்த கணினியைக் காட்டினேன். "இத இவ்ளோ குளிர்ல வச்சிருக்கீங்க, எங்க ஃபேக்டரில மனுசனுக்கு ஒரு ஃபேன் கெடையாது லா" என்று சிரித்தான்.

எங்களுடையது மற்றவர்களின் கணக்குவழக்குகளையும் பதிவுகளையும் வாங்கிக் கணினியில் ஏற்றிக் கொடுக்கும் ஒரு சிறிய நிறுவனம். இப்போது அது இல்லை, பெயரும் வேண்டாம். எங்களிடம் வந்த வேலைகளில் ஒன்று நெஞ்சு எக்ஸ்ரே. ஒரு தனியார் பரிசோதனை நிலையம் வேனை எடுத்துக்கொண்டு தொழிற்சாலை தொழிற்சாலையாகப் போய்ப் படம் எடுக்கும். டாக்டர்கள் படத்தைப் பார்த்து, சந்தேகம் இருந்தால் 'திரும்ப வர வேண்டும்' என்று குறிப்பார்கள். அந்தக் குறிப்பெல்லாம் கணினி படிப்பதற்காகத் துளையிட்ட அட்டைகளாக எங்களிடம் வரும். ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் யார் யார் திரும்ப வர வேண்டும் என்று பதிவுகளிடம் கேட்டு, ஆங்கில அகரவரிசையில் ஒவ்வொருவருக்கும் ஒரு கடிதம் அச்சடித்துத் தருவது என் புரோகிராம். நெஞ்சில் ஒன்றும் இல்லாதவர்களுக்குக் கடிதம் போகாது. அதுதான் ஏற்பாடு.

நீ செய்வதும் இதேதான், அதனால் உனக்குப் புரியும். கேட்ட கேள்விக்குப் பதில் மொத்தமாக வந்து கையில் விழுவதில்லை. வரிசையாக நிற்கிறது. 'எடு' என்றால் முன்னால் நிற்பது ஒன்று வரும். வந்தது வந்ததுதான், அது வரிசையை விட்டுப் போய்விடும். மறுபடி 'எடு' என்றால் அடுத்தது. இனி யாரும் இல்லை என்று சொல்லும்வரை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நான் முதலில் எழுதியது அப்படித்தான் இருந்தது, சரியாகவும் ஓடியது. ஆனால் யாருமே திரும்ப வரத் தேவையில்லாத தொழிற்சாலைக்கும் பிரிண்டர் ஒரு தலைப்புப் பக்கத்தைத் துப்பிக்கொண்டிருந்தது. என் மேலாளர் மிஸ்டர் கோவுக்கு அது பிடிக்கவில்லை. பதில் இருக்கிறதா என்று முதலில் பார், இருந்தால் மட்டும் தலைப்பு அடி என்றார். நியாயமான பேச்சு. மதியச் சாப்பாட்டுக்குப் போகும் அவசரத்தில் ஐந்தாறு வரி சேர்த்தேன். பதில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒன்றை எடுத்துப் பார்த்தேன். வந்தது. தலைப்பை அடித்தேன். பிறகு சுற்றுக்குள் போய் 'எடு, அச்சடி, எடு, அச்சடி' என்று பழையபடி ஓட விட்டேன். பார்ப்பதற்காக எடுத்த அந்த ஒன்றை நான் அச்சடிக்கவில்லை. அது அங்கேயே போய்விட்டது. ஒரு பெரிய தொழிற்சாலையின் பதிவுகளை வைத்துச் சோதித்தேன். கடிதங்கள் கடகடவென்று வந்தன. பார்க்க அழகாக இருந்தது. எத்தனை வர வேண்டும், எத்தனை வந்தது என்று நான் எண்ணவில்லை.

அந்தோணியின் தொழிற்சாலைக்கு வேன் போனது அதற்கு அடுத்த மாதம். ஒன்றரை மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, உன் அம்மா பரிமாறிக்கொண்டிருந்தபோது அவன் கேட்டான்.

"எக்ஸ்ரே எடுத்தாங்கல்ல, லெட்டர் ஒண்ணும் வரலடா. யார்கிட்டயாவது போய்க் கேக்கணுமா?"

"வரலன்னா ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். அது நான் எழுதுன புரோகிராம்டா. ஏதாவது இருந்தா லெட்டர் தானா வந்துடும்" என்றேன்.

"இருமல் விட மாட்டேங்குதே அண்ணே இவருக்கு" என்றாள் செலின்.

"பலகைத் தூசி தங்கச்சி. அங்க வேல செய்யறவங்க எல்லாருக்கும் இருக்கும்."

நான் டாக்டர் இல்லை. தூசியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் சொன்னேன். கேட்கிறவர்கள் நம்பும்போது எதை வேண்டுமானாலும் சொல்ல வாய் வந்துவிடுகிறது, சேவியர். உனக்கும் வரும். அந்தோணி அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டான். இன்னொரு கரண்டி சாம்பார் கேட்டான். டாக்டரிடம் போகலாம் என்று செலின் பிறகு இரண்டு முறை கூப்பிட்டாளாம். 'அவனே சொல்லிட்டான், சும்மா இரு' என்றானாம். இது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும்.

ஏழு மாதம் போனது. ஒரு நாள் காலையில் வேலைக்குப் போகிற பஸ்ஸிலேயே இருமி இருமிக் கைக்குட்டை நிறைய ரத்தம். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காசநோய், இரண்டு பக்கமும் பரவிவிட்டது, சர்க்கரை வேறு இருந்ததால் உடம்பு எதிர்க்கவில்லை. நான் பார்க்கப் போயிருந்தபோது பரிசோதனை நிலையத்திலிருந்து பழைய படத்தை வரவழைத்திருந்தார்கள். டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். தமிழ் நர்ஸ் ஒருவர் செலினிடம் திருப்பிச் சொன்னார்: "திரும்ப வரணும்னு அப்பவே குறிச்சிருக்காங்கம்மா. ஏன் வரல?"

"லெட்டர் எதுவும் வரலையே சிஸ்டர்."

அந்தோணி மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான்: "தபால்ல எங்கயாவது போயிருக்கும் சிஸ்டர். எங்க பிளாக்குல அப்படி நடக்கும்." பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தான். "இவன் கம்ப்யூட்டர் அனுப்பியிருக்கும் லா. அது தப்பு பண்ணாது."

அப்போதுதான் மதியச் சாப்பாட்டு அவசரத்தில் சேர்த்த அந்த ஐந்தாறு வரி எனக்கு நினைவுக்கு வந்தது. மறுநாள் காலை அலுவலகம் போனதும் மூன்று அட்டைகளில் மூன்று பெயரைத் துளையிட்டு என் புரோகிராமுக்குள் போட்டேன். இரண்டு கடிதம் வந்தது. ஓர் அட்டையை எடுத்துவிட்டு ஓட்டினேன். ஒன்று வந்தது. இன்னோர் அட்டையையும் எடுத்தேன். தலைப்புப் பக்கம் மட்டும் வந்தது, அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. அந்தோணியின் தொழிற்சாலைப் பதிவைத் தேடி எடுத்தேன். நான்கு பேர். முதல் பெயர் அவனுடையது. நான் அந்த வரிகளைச் சேர்த்த நாளிலிருந்து ஒவ்வொரு தொழிற்சாலையிலும் வரிசையில் முதலில் நின்ற ஒருவருக்குக் கடிதம் போகவில்லை. மிஸ்டர் கோவிடம் போய்ச் சொன்னேன். அவர் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார். பிறகு, திருத்து, விட்டுப்போன கடிதங்கள் எல்லாம் இன்றைக்கே தபாலில் போக வேண்டும், எழுத்தில் எதுவும் வைக்காதே என்றார். கடிதங்கள் போயின. அவர்களில் யார் யார் பிழைத்தார்கள், யாருக்கு நேரம் இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஒரே ஒரு கடிதம் மட்டும் 'இந்த முகவரியில் இல்லை' என்ற முத்திரையோடு திரும்பி வந்தது. அந்தப் பெயர் எனக்கு இன்றும் தெரியும். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் இன்றுவரை தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அந்தோணியிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூக்கில் ஆக்சிஜன் குழாய். என்னைப் பார்த்ததும் கையை நீட்டினான். ரீட்டாவுக்குக் கணக்கு வரவில்லை, நீ கொஞ்சம் சொல்லிக்கொடு என்றான். சரி என்றேன். அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொல்ல வேண்டிய வார்த்தை எல்லாம் வாய்க்குள் வரிசையாக நின்றது, ஒன்றும் வெளியே வரவில்லை. பார்வை நேரம் முடிந்து மணி அடித்தார்கள், எழுந்து வந்துவிட்டேன். மூன்றாம் நாள் போய்விட்டான். செலினையும் ரீட்டாவையும் சோதித்ததில் ரீட்டாவுக்கு மட்டும் மாத்திரை கொடுத்தார்கள். ஒரு வருடம் அவள் அதைச் சாப்பிட்டாள். நீயே கூடக் கிண்டல் செய்வாய், மாத்திரைக்காரி என்று. நான் ஒரு நாள் உன்னைக் கை ஓங்கி அடிக்க வந்தேனே, எதற்கென்று புரியாமல் நீ விழித்தாயே, அது இதனால்தான். உன்னை அடிக்க எனக்கு என்ன தகுதி இருந்தது? அதை இப்போதாவது பொறுத்துக்கொள்.

அதற்குப் பிறகுதான் எனக்கு எதையும் எண்ணிப் பார்க்கும் வியாதி வந்தது. கோயிலில் இருந்து பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனோமே, பஸ்ஸில் ஏறிய பிறகு நான் மூன்று முறை தலைகளை எண்ணினேன். ஒவ்வொரு முறையும் முன்சீட்டிலிருந்து தொடங்கி, முன்சீட்டில் இருந்த பிள்ளையைத் தொட்டு, ஒன்று என்று சத்தமாகச் சொல்லி. "விடுங்கப்பா, எல்லாரும் பாக்குறாங்க" என்று நீ கூசிப்போய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். பாடகர் குழுவை விட்டதற்கும் தொண்டை சரியில்லை என்று உங்களிடம் சொன்னேன். தொண்டைக்கு ஒன்றும் இல்லை. அந்தோணி நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் நின்று என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. ரீட்டாவுக்குக் கணக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தேன், ஐந்து வருடம், வாரம் தவறாமல். அங்கேதான் நீ அவளைப் பார்த்தாய், பழகினாய், பிடித்துப்போனது. நீங்கள் இரண்டு பேரும் வந்து சொன்ன அன்று உன் அம்மா அழுதாள், செலின் அழுதாள், நானும் அழுதேன். எல்லோரும் அழுததால் என்னை யாரும் தனியாகக் கவனிக்கவில்லை.

சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிடலாம் என்றுதான் இருந்தேன், உன்னிடம் மறைக்கவில்லை. சென்ற மாதம் உன் அம்மா கல்யாணப் புடவை விஷயமாக பூன் லேக்குப் போய்விட்டு வந்தாள். வெங்காயம் உரித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்: "செலின் இன்னிக்கி ஒண்ணு சொல்லிச்சுங்க. அந்த எக்ஸ்ரே லெட்டர தெரியாம விளம்பரப் பேப்பரோட சேத்து அதுதான் வீசிடுச்சாம். தெனமும் தபால் பெட்டிய அதுதான தொறக்கும். கண்ணு முன்னாடி நல்ல காரியம் நடக்கப்போகுது, அதப் பாக்க அவரு இல்லையே, எல்லாம் என்னாலன்னு அழுவுது. பத்து வருசமா இத நெனச்சுக்கிட்டே இருந்திருக்கு, பாவம்."

பத்து வருடம், சேவியர். நான் வாயை மூடிக்கொண்டதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, இறந்தவன் இறந்துவிட்டான் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டிருந்தேன். செய்யாத குற்றத்தை அவள் தூக்கிச் சுமந்துகொண்டு, நான் படியேறிப் போகும்போதெல்லாம் எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்தாள். "என்கிட்டகூடவா?" என்றாள். அவ்வளவுதான். உரித்த வெங்காயத்தை மூடி வைத்துவிட்டு, "போய்ச் சொல்லுங்க. நான் கூட வர மாட்டேன்" என்றாள்.

அடுத்த ஞாயிறு பூசைக்குப் பிறகு தனியாகப் போனேன். ரீட்டா வேலைக்குப் போயிருந்தாள். செலின் கல்யாணப் பத்திரிகை அனுப்ப வேண்டியவர்களின் பட்டியலை மேசையில் விரித்து வைத்திருந்தாள். வரிசை, எடுப்பது, முதல் பெயர் என்று நான் சொன்னது அவளுக்கு முதலில் புரியவில்லை. அந்தப் பட்டியலையே அவள் முன்னால் நகர்த்தி, முதல் பெயரை விரலால் மறைத்து, இப்படித்தான் ஆனது தங்கச்சி என்றேன். அவள் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப லெட்டரே அடிக்கலையா?"

"அடிக்கல."

"எங்க வீட்டுக்கு வரவே இல்லையா?"

"வரல தங்கச்சி. என் தப்பு."

"அப்ப அது நான் இல்லையா, அண்ணே?"

இதையே மூன்று முறை கேட்டாள். நீ இல்லை, நீ இல்லை என்று மூன்று முறையும் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குனிந்துவிட்டாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கிட்டப் போய் ஆறுதல் சொல்லக்கூடிய ஆள் நான் இல்லை, உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். கடைசியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏன் அப்பவே சொல்லல?" என்றாள். பயம் என்றேன். "எதுக்கு? வேல போயிடும்னா?" அதுவும்தான், உன் முகத்தைப் பார்க்கவும்தான் என்றேன். "அவருகிட்ட சொல்லியிருந்தா அவரு உங்கள ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாரு. என்னால அப்படி இருக்க முடியல. நீங்க இப்பப் போங்கண்ணே. ரீட்டாகிட்ட நான் சொல்றேன். சேவியர் தம்பிகிட்ட நீங்க சொல்லுங்க. மறைச்சு வச்சு நான் கட்டிக் குடுக்க மாட்டேன்." கதவு வரைக்கும் வந்தாள். நான் செருப்பு மாட்டுவதற்குள் கதவைச் சாத்திவிட்டாள்.

நீ கேட்டதற்கு வருகிறேன். சொல்லிக்கொடுக்க என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். பதில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்வதற்காக ஒன்றை எடுத்தால், எடுத்ததைக் கையிலேயே வைத்துக்கொள், முதலில் அதற்குரியதைச் செய், பிறகு அடுத்ததை எடு. ஒரே ஒரு பதில் வரும்போது என்ன ஆகிறது, ஒன்றுமே வராதபோது என்ன ஆகிறது என்று தனித்தனியாக ஓட்டிப் பார். நிறைய வரும்போது எல்லாம் சரியாகத்தான் தெரியும். இதை உன் புத்தகத்திலேயே எழுதியிருப்பார்கள். தப்பு செய்துவிட்டால் அன்றைக்கே போய்ச் சொல் என்பது மட்டும் அதில் இருக்காது. மறுநாள் சொல்வது இரண்டு மடங்கு கடினம், ஒரு வாரம் கழித்து முடியவே முடியாது. உன் புரோகிராமை எப்படி எழுதினாய் என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்க எனக்கு வாய் இல்லை.

நேற்று ரீட்டா வந்தாள். உன் அம்மா கொடுத்த தேநீரைத் தொடவில்லை. என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள்: "அப்பா கடைசி வரைக்கும் உங்கள நம்புனாரா அங்கிள்?"

"நம்புனான்மா."

"அத நெனச்சாதான் எனக்குக் கோவம் கோவமா வருது." தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தாள். பிறகு எழுந்து நின்று சொன்னாள்: "அவர டிக்கெட்ட மாத்த வேணாம்னு எழுதுங்க. வரட்டும். அம்மா பத்திரிகைய இன்னும் போஸ்ட் பண்ணல, மேசைலயே இருக்கு. பண்ணணுமா வேணாமான்னு அவர்கிட்ட பேசிட்டு நான் சொல்றேன். ஏர்போர்ட்டுக்கு நானே வர்றேன். என்ன பேசப்போறேன்னு எனக்கே இப்பத் தெரியல, அங்கிள்."

என்ன ஆகும் என்று எனக்கும் தெரியவில்லை, மகனே. அவள் வேண்டாம் என்றால் அவளைக் குறை சொல்லாதே. சரி என்றால், அது என்னை மன்னித்ததாக அர்த்தம் என்று நினைக்காதே. என் விஷயம் வேறு, உன்னது வேறு. நீ வந்து இறங்கும் நாளுக்காக உன் அம்மா ஆறு மாதமாகக் காத்திருக்கிறாள், ஆனாலும் அன்று வீட்டிலேயே இருந்துவிடுவது என்று இரண்டு பேரும் முடிவு செய்திருக்கிறோம். பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரீட்டா மட்டும் நிற்பாள். எங்களைத் தேடாமல் நேரே அவளிடம் போ.

அப்பா